கோத்தன்பர்க் மதிப்பெண்ணும் கூட்டப்படாத மாநாடும்

(தில்லியில் தொழிற்சங்க ஊழியர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சுவீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக அரசியல் அறிவியல் துறையில் வி-டெம் என்றோர் ஆய்வு நிறுவனம் 2014 முதல் இயங்கி வருகிறது. உலக நாடுகளின் ஜனநாயக நிலையை ஆண்டுதோறும் அளந்து அறிக்கை வெளியிடுவது அதன் பணி. 2021 மார்ச் அறிக்கையில் அது இந்தியாவை ‘தேர்தல்வழி எதேச்சதிகாரம்’ என்று வகைப்படுத்தியது. பூஜ்ஜியம் முதல் ஒன்று வரையிலான அளவுகோலில் 2013இல் 0.57 ஆக இருந்த தாராளவாத ஜனநாயக மதிப்பு, 2020 இறுதியில் 0.34 ஆகச் சரிந்துவிட்டதாக அது கணித்தது. அதன் பின்னர் வந்த அறிக்கைகளும் இந்தியாவை அதே வகையிலேயே வைத்திருக்கின்றன.

தில்லி ஆட்சியாளர்கள் கொதித்தெழுந்தனர். உலகின் காவலர்களாகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டவர்களின் பாசாங்கு இது என்று வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் சாடினார். 2022 நவம்பரில் பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவைச் சேர்ந்த சஞ்சீவ் சன்யாலும் மற்றொருவரும் எழுதிய ஆய்வறிக்கை வெளிவந்தது. பெயர் தெரியாத சில வல்லுநர்களின் கருத்தை வைத்து மதிப்பெண் போடுகிறார்கள், அவசரநிலைக் காலத்து மதிப்பெண்ணை இன்றைய இந்தியாவுக்குக் கொடுப்பது அபத்தம் என்பது அதன் வாதம். ஆனால் அந்த அறிக்கையின் உண்மையான கவலை வேறிடத்தில் இருக்கிறது. இந்தக் குறியீடுகள் உலக வங்கியின் ஆளுகைக் குறியீடுகளுக்குள் செல்கின்றன. அவை நாடுகளின் கடன் தரமதிப்பீட்டைப் பாதிக்கின்றன. ஆகவே உலக வங்கியிடம் இதை எழுப்ப வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. குடிமக்களின் உரிமையைவிடக் கடனுக்கான வட்டிதான் அவர்களை உறுத்தியது!

அந்த விமர்சனத்தில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. வல்லுநர்களின் கணிப்பு அகநிலைச் சார்பு உடையதுதான். இடதுசாரிகளுக்கு இன்னொரு குறையும் தெரியும். நிலம் யாரிடம் இருக்கிறது, ஆலை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி தாராளவாத அளவுகோலின் மையத்தில் இல்லை. ஆனாலும் அவசரநிலையோடு ஒப்பிடுவது அபத்தம் என்ற வாதத்தை அப்படியே ஏற்பதற்கில்லை.

1975 ஜூன் 25இல் தொடங்கிய அந்த 21 மாதங்களில் மிசாவின் கீழ் 34,988 பேரும், பாதுகாப்பு விதிகளின் கீழ் 75,818 பேரும் சிறைவைக்கப்பட்டதாக ஷா ஆணையம் கணக்கிட்டது. அத்தகைய பெருந்திரள் கைது இன்று இல்லை என்பது உண்மை. ஆனால் அன்று ஒரு பிரகடனம் இருந்தது. பிரகடனம் என்று ஒன்று இருந்ததால் அதை விலக்கிக்கொள்ளவும் முடிந்தது. இன்று விலக்கிக்கொள்ள எதுவும் இல்லை. 2023 டிசம்பரில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த நாடாளுமன்றத்தில் மூன்று குற்றவியல் சட்ட மசோதாக்கள் நிறைவேறின. தலைமைத் தேர்தல் ஆணையரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் தலைமை நீதிபதிக்கு இடமில்லை என்றாக்கிய மசோதாவும் அதே நாட்களில்தான் மக்களவையில் நிறைவேறியது. நியூஸ்கிளிக் ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தா 2023 அக்டோபரில் ஊபா சட்டத்தின் கீழ் கைதானார். அக்கைது சட்டப்படி செல்லாது என்று உச்சநீதிமன்றம் சொல்வதற்குள் ஏழு மாதங்களுக்கு மேல் கடந்துவிட்டன. இவை அனைத்தும் சட்டத்தின் பெயராலேயே நடந்தன.

வாக்குச்சீட்டுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. 2024 தேர்தலில் பாஜகவை 240 இடங்களோடு மக்கள் நிறுத்தினார்கள். அப்படியானால் அடைபட்டிருப்பது எது? இதற்கு விடை தேட, வி-டெம் நிறுவனத்தைவிடப் பழைய நார்டிக் ஆய்வு மரபு ஒன்று உதவுகிறது. நார்வே அறிஞர் ஸ்டைன் ரொக்கான் 1960களிலேயே, மக்கள் ஆட்சியின் மீது செல்வாக்குச் செலுத்த இரண்டு வழிகள் இருப்பதாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, தேர்தலில் தலைகளை எண்ணுவது. மற்றொன்று, அமைப்பாகத் திரண்டோர் பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்து கொள்கையைத் தீர்மானிப்பது. சுவீடனில் முக்கியச் சட்ட முன்மொழிவுகள் தொழிற்சங்கங்கள் உள்ளிட்ட அமைப்புகளின் எழுத்துபூர்வமான கருத்துக்கு அனுப்பப்படுகின்றன. இது யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததன்று. 1902இல் வாக்குரிமைக்காகப் பொது வேலைநிறுத்தம் செய்த தொழிலாளி வர்க்கம், 1938இல் முதலாளிகள் சங்கத்தோடு சால்ட்ஷேபாடன் ஒப்பந்தம் கண்டது. இன்று அங்கேயும் டெஸ்லா நிறுவனம் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுக்கிறது. 2023 அக்டோபரில் உலோகத் தொழிலாளர் சங்கம் அதற்கு எதிராக வேலைநிறுத்தத்தில் இறங்கியது.

இந்தியாவிலும் அத்தகைய மேசை ஒன்று இருந்தது. அதுதான் அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் அமரும் இந்தியத் தொழிலாளர் மாநாடு. 1957இல் நடந்த அதன் 15ஆவது மாநாடு, குறைந்தபட்சக் கூலி எப்படிக் கணக்கிடப்பட வேண்டும் என்று வரையறுத்தது: ஆளொன்றுக்கு நாளுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள் முதலிய செலவுகளுக்கு 20 விழுக்காடு. பின்னாளில் ராப்டகோஸ் பிரெட் வழக்கில் உச்சநீதிமன்றம் இதனோடு கல்வி, மருத்துவம் போன்றவற்றுக்காக 25 விழுக்காட்டைச் சேர்க்கச் சொன்னது. இன்றுவரை கூலிக்காகப் போராடும் சங்கங்கள் அந்தக் கணக்கைத்தான் கையில் எடுக்கின்றன. தொழிலாளியின் தட்டில் எவ்வளவு சோறு விழ வேண்டும் என்று தொழிலாளியின் பிரதிநிதியையும் உட்காரவைத்துப் பேசிய மாநாடு அது.

அதன் 46ஆவது கூட்டம் 2015 ஜூலையில் தில்லியில் நடந்தது. அடுத்த கூட்டம் பத்தாண்டு கடந்தும் கூட்டப்படவில்லை. அந்த இடைவெளியில்தான் 29 தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாக மாற்றப்பட்டன. அவற்றில் மூன்று, 2020 செப்டம்பரில் எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த நேரத்தில் நிறைவேற்றப்பட்டன. அதே கூட்டத்தொடரில் வந்த வேளாண் சட்டங்களுக்கும் விவசாயிகளிடம் கருத்துக் கேட்கப்படவில்லை. சிங்கு, டிக்ரி, காஜிப்பூர் எல்லைகளில் ஓராண்டுக்கு மேல் அமர்ந்து அவர்கள் அச்சட்டங்களை விரட்டினார்கள். 2021 நவம்பர் 29 அன்று அவற்றை ரத்து செய்த மசோதாவைக்கூட அரசு விவாதமின்றியே நிறைவேற்றியது. தோற்றபோதும் பேச மறுத்த அரசு இது! 15ஆவது மக்களவையில் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களின் பரிசீலனைக்குச் சென்றன. 17ஆவது மக்களவையில் அது ஏறத்தாழ 16 விழுக்காடு.

இதை அறிந்துகொள்ள கோத்தன்பர்க் வரை போக வேண்டியதில்லை. ஒன்றிய அரசு அந்தப் பல்கலைக்கழகத்தோடு எத்தனை நாள் வேண்டுமானாலும் வாதிடட்டும். 2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்தின்போது மத்தியத் தொழிற்சங்கங்கள், பத்தாண்டுகளாகத் தொழிலாளர் மாநாடு கூட்டப்படவில்லை என்பதையும் முறையீடாக வைத்தன. நவம்பர் 21 அன்று பதில் கிடைத்தது. நான்கு தொகுப்புச் சட்டங்களும் அன்று முதல் நடைமுறைக்கு வருவதாக அறிவிக்கை வெளியானது.