அலையாத்தி அறிவைக் கணினிக்கு உரைத்தல்



வெள்ளம், வறட்சி, கடலரிப்பு முதலிய இடர்களைக் கான்கிரீட் சுவரை மட்டும் நம்பி எதிர்கொள்ளாமல், காட்டையும் சதுப்பு நிலத்தையும் மணல்மேட்டையும் காத்தும் மீட்டும் எதிர்கொள்ளும் முறைகள் இன்று இயற்கை சார்ந்த தீர்வுகள் எனப்படுகின்றன; பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2020-இல் இவற்றுக்கென 8 அளவுகோல்களும் 28 குறிகாட்டிகளும் கொண்ட தரநிலை ஒன்றை வெளியிட்டது. இத்துறையில் அறிவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த அறிவு ஆய்விதழ்களிலும் அரசுக் கோப்புகளிலும் மீனவர் நினைவிலுமாகச் சிதறி, ஒன்று மற்றொன்றை அறியாமலே கிடக்கிறது.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையை முன்வைத்து எழுந்த விவாதமே இதற்குத் தக்க சான்றாகும். கடலோரக் குடியிருப்புகள் 18-ஐ ஆராய்ந்த கதிரேசனும் இராஜேந்திரனும் அலையாத்திக் காடு உயிரிழப்பைக் குறைத்தது என்று 2005-இல் எழுதினர்; அதே ஆண்டு டேனியல்சன் குழுவினர் கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து, மரங்கள் நின்ற இடங்களில் சேதம் குறைவு என்று ‘சயின்ஸ்’ இதழில் அறிவித்தனர். மறு ஆண்டே கெர், பேர்ட், கேம்பெல் என்னும் மூவர் முதல் ஆய்வின் தரவுகளை மீளக் கணக்கிட்டு, ஊர் கடலுக்கு எவ்வளவு தொலைவில், எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதே இழப்பைப் பெரிதும் தீர்மானித்தது என்று மறுத்தனர். அந்த மறுப்பும் விரைவிலேயே மறுக்கப்பட்டது. இத்தனைக்கும் பிறகு பொதுவெளியில் எஞ்சியதோ, அலையாத்தி காக்கும் என்ற ஒற்றை வாக்கியம்தான்.

இந்த இடத்தில்தான் சொற்பொருள் வலை என்னும் கணினி முறை உதவுகிறது. ஒரு துறையில் எத்தகைய பொருள்வகைகள் உள்ளன, அவை எந்தெந்த உறவுகளால் பிணைந்துள்ளன என்பதைக் கணினி தருக்கமுறையில் ஆராயும்படி வரையறுத்து எழுதிய அமைப்பு ஆன்டாலஜி எனப்படும். சொற்பொருள் வலையில் ஒவ்வொரு செய்தியும் ‘பிச்சாவரம் – கொண்டுள்ளது – அலையாத்திக் காடு’ என்பதுபோல் மூன்று உறுப்புகளாக எழுதப்பட்டு, ஒவ்வோர் உறுப்புக்கும் இணையத்தில் நிலையான முகவரி ஒன்று தரப்படுகிறது. இவ்வாறு எழுதுவதற்கான ஆர்டிஎஃப் முறையை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999-இல் பரிந்துரைத்தது. வகைகளுக்கு விதி வகுக்கும் ஓடபிள்யூஎல் மொழி 2004-இல் வந்தது.

விதி வகுப்பதன் பயனைச் சவுக்குத் தோப்பைக் கொண்டு விளக்கலாம். டேனியல்சன் குழுவினர் கரையோரத் தாவரம் என்ற ஒரே தலைப்பில் அலையாத்தியோடு சவுக்குத் தோப்பையும் சேர்த்தே ஆராய்ந்தனர். அலையின் வேகத்தை மட்டும் கருதினால் அது பொருந்தும். ஆனால் மணல்மேட்டில் வரிசையாக நட்ட சவுக்கு, அம்மேட்டின் இயல்பான தாவரங்களையும் பங்குனி ஆமை முட்டையிடும் இடத்தையும் பாதிக்கக்கூடும் என்பதால், பல்லுயிர்க்கு நிகர நன்மை வேண்டும் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் அளவுகோலை அது நிறைவேற்றுமா என்பது ஐயத்துக்குரியது. அலையாத்தியையும் சவுக்கையும் தனித்தனி வகைகளாக்கி, இயற்கை சார்ந்த தீர்வு என்ற வகைக்குரிய நிபந்தனைகளையும் எழுதிவைத்தால், பதிவான தரவின்படி எந்தத் தோப்பு அந்நிபந்தனைகளுக்கு முரண்படுகிறது என்பதைக் கணினியே சுட்டிக்காட்டும்.

காரண காரியத் தொடரையும் இவ்வாறே பதியலாம். பிச்சாவரத்தில் ஒரு காலத்தில் பகுதி பகுதியாகக் காட்டை முற்றாக வெட்டியதால் நிலம் தாழ்ந்து குழியானது. ஏற்றத்தில் புகுந்த கடல்நீர் வடியாமல் தேங்கி, வெயிலில் உப்பு மிகுந்து, கன்று பிழைக்க வழியற்றுப் போனது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரோட்டத்தை மீட்ட பிறகே அங்கே காடு மீண்டும் தழைத்தது. அலையாத்தி நடவு என்ற தலைப்பில் மட்டும் இது பதிவானால், வாய்க்காலை மறந்து கன்றை மட்டும் நடுவோர் எங்கும் இருப்பர்.

சுற்றுச்சூழலுக்கென ‘என்வோ’ என்ற ஆன்டாலஜியும், வேளாண்மைக்கென உணவு வேளாண்மை நிறுவனத்தின் ‘அக்ரோவாக்’ சொற்களஞ்சியமும் ஏற்கெனவே உள்ளன; புதிதாகத் தொடங்குவோர் அவற்றின் முகவரிகளையே எடுத்தாள்வது முறை. ஆயினும் வகைகளின் பெயர்ப்பட்டியலோடு நின்றுவிடும் ஆன்டாலஜியால் பயன் சொற்பமே. இந்தக் கூற்றை யார், எந்தத் தரவிலிருந்து, எந்த நிபந்தனையில் சொன்னார், யார் மறுத்தார் என்பதையும் கூற்றோடு சேர்த்துப் பதிய வேண்டும். அதற்கென ‘ப்ரோவ்’ என்ற மூலக்குறிப்பு முறை 2013-லேயே பரிந்துரைக்கப்பட்டுவிட்டது. பதிவில்லாத செய்தியைப் பொய் என்று முடிவுகட்டாமல் அறியப்படாதது என்றே கொள்ளும் ஓடபிள்யூஎல் மொழியின் வழக்கமும், இன்னும் முழுமையாக எழுதப்படாத சூழலறிவுக்கு மிகப் பொருத்தமானது.

ஆதலால் இந்த அவையிலுள்ள சூழலியல் ஆய்வாளர்கள், தங்கள் கட்டுரைகளில் முடிவை மட்டும் தராமல், காட்டின் அகலம், ஊரின் உயரம், கடலுக்குள்ள தொலைவு ஆகியவற்றையும் கணினி படிக்கும் வடிவில் இணைத்து வெளியிட வேண்டும்; கணினியியலார் மாதிரியை வரைந்து முடித்தபின் கரையோர மக்களிடம் செல்லாமல், எந்த வகைகள் அதில் இடம்பெற வேண்டும் என்பதை வரைவதற்கு முன்பே அவர்களிடம் கேட்டறிய வேண்டும்.