ஆசிரியர் கையில் சோதனை

அறிவியல் சோதனைகளைக் கரும்பலகையில் எழுதிப்போடும் ஆசிரியர், அவற்றைத் தாமே செய்து பார்த்ததுண்டா? மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய திட்டம் இக்கேள்வியை நேராக எதிர்கொண்டது. கிஷோர் பாரதி, நண்பர்கள் கிராம மையம் ஆகிய தொண்டு நிறுவனங்கள் அரசின் இசைவுடன் அதனை நடத்தின. கோடைப் பயிற்சி முகாம்களில் ஆசிரியர்கள் மாணவர்களைப் போல் குழுக்களாக அமர்ந்து, ஒவ்வொரு சோதனையையும் தம் கைகளாலேயே செய்தனர். பின்னாளில் சைக்கிள் வால்வு டியூபும் தீக்குச்சியுங்கூடக் கற்பிக்கும் கருவிகளாயின!

முகாமோடு பணி முடிந்துவிடவில்லை என்பதே கருதத்தக்கது. வகுப்பில் எழுந்த இடர்ப்பாடுகளை ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி விவாதித்தனர். தேர்வும் மாற்றப்பட்டது, புத்தகத்தைத் திறந்துவைத்தே விடை எழுதலாம், செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு. மனப்பாடத் தேர்வை அப்படியே விட்டுவைத்து, ஆசிரியருக்கு மட்டும் பயிற்சியளிப்பது வீண் செலவேயாகும்.

1978-இல் மாவட்டம் முழுமைக்கும் விரிந்த இத்திட்டத்தை, 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. அப்பள்ளிகளுக்கு மாநிலப் பொதுப் பாடநூல் மீண்டும் வந்து சேர்ந்தது.