சான்றிதழுக்காகப் போனாலும் சரிதான்



மாணவர்கள் ஏன் கிராமத்துக்குப் போகிறார்கள் என்று கேட்டால் பேராசிரியர்கள் சமூக உணர்வு என்பார்கள். மாணவர்களோ சான்றிதழ், வருகைப்பதிவு, நண்பர்களோடு ஒரு வாரம், வீட்டுக் கெடுபிடியிலிருந்து விடுப்பு என்று அடுக்குவார்கள். முகம் சுளிக்க இதில் ஒன்றுமில்லை. நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது அதன் ஏற்பாடு. பெயர் கொடுத்த எல்லோரும் தொண்டுக்காகவே வந்தார்கள் என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள்.

பஸ் ஏற வைப்பது எதுவாகவும் இருக்கட்டும். போன ஊரில் மனத்தை ஊன்ற வைப்பது எது என்பதுதான் இந்தக் கருத்தரங்கு பார்க்க வேண்டியது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து அவரவர் ஊரை ஆராய்ந்து வரச் சொன்னார். 1918இல் அந்த ஆய்வுகள் நூலாக வந்தன. கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி, தூசி, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு ஆகிய ஊர்கள் அதில் இடம்பெற்றன. நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எங்கே வாங்குகிறார்கள் என்பதெல்லாம் பிறந்த ஊரிலேயே பிள்ளைகள் கேட்டிராத கேள்விகளாக இருந்திருக்கும். 1930களில் அதே ஊர்களில் மறு ஆய்வு நடந்தது. இருவேல்பட்டுக்கு அதன் பிறகும் ஆய்வாளர்கள் வந்தார்கள், பழைய குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்க. மாணவர் வேலைக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைப்பது அரிது.

வேளாண் மாணவர்களின் கிராமத் தங்கல் திட்டமும் பாடத்தின் கட்டாயம்தான். ஆனால் தென்னந்தோப்பில் கதை மாறும். மரத்துக்கு வேர் வழியே ஊட்டச்சத்து டானிக் செலுத்த, பென்சில் பருமனுள்ள இளம் வேரைத் தோண்டியெடுத்து, நுனியைச் சாய்வாகச் சீவி, 200 மில்லி டானிக் கரைசல் உள்ள பாலிதீன் பைக்குள் அமிழ்த்திக் கட்ட வேண்டும். வேர் முற்றியிருந்தால் உறிஞ்சாது. தோப்புக்காரர் பக்கத்தில் நின்று பார்ப்பார், கேள்வியும் கேட்பார். அப்போது மதிப்பெண் நினைவு யாருக்கும் இருக்காது. தெருவில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடும்போதும் அப்படித்தான். "எங்க தெருவ விட்டுட்டியேம்மா" என்று ஒரு பாட்டி குறுக்கே வந்தால், பாடம் அங்கே தொடங்கிவிடுகிறது.

துடைப்பமும் பேனரும் புகைப்படமுமாக முடியும் முகாம்களும் உண்டு. அங்கே குறை மாணவரிடம் இல்லை. செய்ய உருப்படியான வேலை கொடுக்காதவர்களிடம் இருக்கிறது.

ஆகவே கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் எழுதிய அறிக்கை துறை அலமாரியோடு நின்றுவிட்டதா, ஒரு படி ஊராட்சி அலுவலகத்துக்காவது போனதா, கிராம சபையில் யாராவது வாசித்தார்களா என்பதையும் தங்கள் கட்டுரையில் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த அணி மாணவர்கள் அதே ஊருக்குப் போவார்களானால், முந்தைய அணியின் அறிக்கையை அவர்கள் கையில் கொடுத்தனுப்பும் கல்லூரிகள் எவை என்ற விவரத்தோடு முதல் அமர்வு தொடங்கட்டும்.