கடலோரக் கல்வீடும் நம் பங்கும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் யான் வட்டாரத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் கெடா, யான் வட்டாரத்தில் பிறந்தவன். ஒரு பக்கம் ஜெராய் மலை, மறுபக்கம் கடல், நடுவே நெல் வயல். எங்கள் கம்பத்து வீடுகள் மரத் தூண்களின் மேல் நிற்பவை. ஈரம் ஏறாமலிருக்கத் தூணுக்கு அடியில் மட்டும் ஒரு கல் இருக்கும். மலைக்குத் தெற்கே பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்காலக் கோயிலின் கல் அடித்தளத்தைப் பார்த்திருப்பீர்கள். கல்லில் கட்டியது கோயில்தான். மனிதர் குடியிருந்தது மரத்தில்.

அதனால் என் அப்பப்பா "ஊரில் நமக்குக் கல்வீடு இருக்கிறது" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அது ஏதோ கோட்டை போலத் தோன்றும். அவர் ஊர் யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே உள்ள நெடுந்தீவு. மலாயாவில் ரயில்வே கிராணியாக வேலை பார்த்து, மாதாமாதம் பணம் அனுப்பிக் கட்டிய வீடு அது. 'மலாயன் பென்ஷன்காரர்' என்றால் யாழ்ப்பாணத்தில் தனி மரியாதை. அந்த மரியாதையில் பாதி கல்வீட்டுக்கு உரியது என்பேன்.

2019இல் குறிகட்டுவானில் படகு ஏறி அங்கே போனேன். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். கரை இறங்கியதும் கண்ணில் படுவது வேலிகள்தான். கிடுகு இல்லை, கம்பி இல்லை. முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். சாந்து கிடையாது. இடுக்குகள் வழியே காற்று புகுந்து போய்விடுவதால் கடற்காற்றில் அவை சாய்வதில்லை. தீவே பழைய பவளப் பாறை. நிலத்தைக் கிளறினால் கல். தோட்டத்தைத் துப்புரவாக்கினால் வேலி தானாகக் கிடைக்கும்!

வீட்டுச் சுவருக்கும் அதே கல்தான். சுட்ட சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்து, பனைமரச் சட்டம், மேலே ஓடு. பனங்கட்டியைக் கரைத்துச் சாந்தில் விடுவார்கள் என்று அப்பப்பா சொல்வார். சுவர் தடிப்பானது. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே திண்ணையில் தூக்கம் வரும்.

ஆனால் நான் பார்த்த வீட்டில் தூங்க முடியாது. போர்க்காலத்தில் உறவினர் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். ஒரு மூலையில் ஓடு சரிந்து, மழை சுவரின் உச்சிக்குள் இறங்கியிருந்தது. இன்னொரு அறையில் யாரோ நல்ல எண்ணத்தோடு சிமெண்டு பூசியிருந்தார்கள். அந்தச் சுவர்தான் அதிகம் கெட்டிருந்தது. சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியே விடும்; சிமெண்டு அடைத்துவிடும். உள்ளே சிக்கிய ஈரம் காயும்போது உப்பு படிகமாகிக் கல்லை மாவாக உதிர்க்கும். கடற்கரையில் வீடு வைத்திருப்பவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

புதிதாக முருகைக்கல் வீடு கட்டுவோம் என்று நான் சொல்ல வரவில்லை. சுண்ணாம்புக்காகத் தென்னிலங்கையில் கடலுக்குள் பவளப் பாறையை வெட்டியெடுத்த இடங்களில், 2004 டிசம்பர் 26இல் சுனாமி தடுப்பில்லாமல் உள்ளே பாய்ந்தது. அன்று யானுக்குத் தெற்கே கோத்தா கோலமூடாவும் அடிபட்டது. அதை நாங்கள் மறக்கவில்லை. இருக்கிற வீட்டை, இருக்கிற கல்லாலேயே பழுது பார்ப்போம் என்றுதான் சொல்கிறேன்.

தடை கல்லில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. அப்பப்பா உயில் எழுதவில்லை. இன்று அந்த வீட்டுக்குப் பங்குக்காரர் பதினொரு பேர்: கெடா, கோலாலம்பூர், டொரொண்டோ, லண்டன். யாழ்ப்பாணத்தின் தேசவழமைச் சட்டப்படி ஒருவர் தம் பிரிக்கப்படாத பங்கை விற்க நினைத்தால், உடன்பங்காளிகளுக்கு முதலில் அறிவிக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் விற்கவும் மனமில்லாமல், செலவழிக்கவும் மனமில்லாமல் இருப்பவரை எந்தச் சட்டம் என்ன செய்யும்? "உனக்கு எதற்கு இந்த வேலை?" என்று என் மனைவியே கேட்டாள். உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒரு பத்திரம் அலமாரியில் கிடக்கலாம். எடுத்துப் பாருங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் கூரையை மட்டுமாவது மாற்ற எட்டுப் பேர் சம்மதித்துவிட்டார்கள். மீதி மூவரில் இருவர் இந்நிகழ்ச்சியைத் தவறாமல் பார்ப்பவர்கள் என்று கேள்வி. இன்றிரவே என்னைக் கூப்பிடுங்கள்.