கண்ணாடிக்கு நம்பர் மட்டும் போதுமா?

(தோட்டச் சுகாதாரக் கூட்டமொன்றில் மூக்குக்கண்ணாடி பொருத்தும் தொழிலாளர் ஒருவர் ஆற்றிய உரை)



கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வேலைக் களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். கண்ணைச் சோதிக்கிறவர் நம்பரை எழுதிக் கொடுப்பார். அந்த நம்பரை உங்கள் முகத்துக்கும், நீங்கள் செய்கிற வேலைக்கும் பொருத்திக் கொடுப்பது எங்கள் வேலை. நம்பர் பாதி, பொருத்தம் பாதி. அந்த இரண்டாவது பாதியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

40 வயதை ஒட்டி எல்லாருக்கும் ஒரு தொல்லை வரும். ஊசியில் நூல் கோர்க்க முடியாது. சம்பளச் சீட்டைக் கையை நீட்டிப் பிடிச்சாத்தான் எழுத்துத் தெரியும். இது நோயல்ல. கண்ணுக்குள்ளே இருக்கிற வில்லை வயதோடு இறுகிப்போகிறது, அவ்வளவுதான். இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம்.

"எழுதப் படிக்கத் தெரியாத எனக்கு இந்தக் கண்ணாடி எதுக்குங்க?" என்று கேட்கிற அம்மாமார் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. இந்தியாவில் அசாம் தேயிலைத் தோட்டங்களில் ஓர் ஆய்வு செய்து 2018இல் வெளியிட்டார்கள். வெள்ளெழுத்து வந்த, 40 வயதோ அதற்கு மேலோ ஆன 751 தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு உடனே கண்ணாடி கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்த பிறகு கொடுத்தார்கள். உடனே கண்ணாடி போட்டவர்கள் எடுத்த கொழுந்து, மற்றவர்களைவிடச் சுமார் 22 வீதம் அதிகமாகக் கூடியது. ஆகவே இது புத்தகம் படிக்கிறவர்களுக்கு மட்டுமான கண்ணாடி இல்லை. கூடை சுமக்கிறவர்களுக்கும்தான்.

ஆனால் எந்த நம்பர்? இங்கேதான் கவனம் வேண்டும். தூரப் பார்வை நன்றாக இருந்து, வெள்ளெழுத்து முற்றிய ஒருவருக்குக் கணக்கு இப்படி. +1 போட்டால் 1 மீட்டரில் தெளிவாகத் தெரியும். +2 போட்டால் அரை மீட்டரில். +2.50 போட்டால் 40 சென்டிமீட்டரில். புத்தகம் பிடிப்பது 40 சென்டிமீட்டர் தூரத்தில். கொழுந்து எடுக்கும்போது கை நீளுவது ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். படிக்கிற நம்பரைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போனால், எழுத்து தெரியும், கொழுந்து மங்கும். அதனால் கண் சோதிக்கிற இடத்தில் வெட்கப்படாமல் சொல்லுங்கள்: "நான் கொழுந்து எடுக்கிறவ. என் கை இவ்வளவு தூரம் போகும்." கையை நீட்டியே காட்டுங்கள்.

அடுத்தது வில்லையின் மையம். ஒவ்வொரு வில்லைக்கும் ஒரு நடுப்புள்ளி உண்டு. அது உங்கள் கண்மணிக்கு நேரே வரவேண்டும். இரண்டு கண்மணிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை நாங்கள் மில்லிமீட்டரில் அளப்போம். பெரியவர்களில் ஒருவருக்கு 56 இருக்கும், இன்னொருவருக்கு 68 இருக்கும். மையம் விலகினால், பார்க்கிற பொருளை வில்லை ஒரு பக்கமாக இழுத்துக் காட்டும். இரண்டு கண்ணும் அதைச் சேர்த்துப் பிடிக்கப் பாடுபடும். தலைவலியும் கண் இழுப்பும் வரும். நம்பர் கூடக் கூட, சின்ன விலகலும் பெரிய தொல்லையாகும்.

இறந்துபோன மாமாவின் கண்ணாடியை எடுத்து அத்தை போடுவதும், ஒரே கண்ணாடியை லயத்தில் மூன்று பேர் மாற்றி மாற்றிப் போடுவதும் சரிவராததற்கு இதுதான் காரணம். அது கண்ணைக் கெடுத்துவிடாது. ஆனால் உதவவும் உதவாது. "கண்ணாடி நமக்கு ஒத்துக்கொள்ளாது" என்று மனம் வெறுத்து, சொந்தக் கண்ணாடியே வேண்டாமென்று விட்டுவிடுவார்கள். அதுதான் பெரிய நட்டம்.

இப்போது மிக முக்கியமான விஷயம். பைபோக்கல் என்கிற இரட்டைக் கண்ணாடியில் மேல்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி கிட்டத்துக்கு. மேசை வேலைக்கு நல்லது. ஆனால் சரிவில் இறங்கும்போது கால் வைக்கிற இடத்தைக் கீழ்ப்பாதி வழியாகத்தான் பார்ப்பீர்கள். அங்கே படிக்கட்டும் கானும் மங்கலாகத் தெரியும். முதுகிலே கூடை, காலடியிலே ஈரக் கல். விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே மலையில் வேலை செய்கிறவர்கள் இரட்டைக் கண்ணாடி வாங்குமுன் கேளுங்கள். கீழ் வில்லையை இன்னும் இறக்கி வைக்கலாம். அல்லது இரண்டு தனிக் கண்ணாடிகள் வைத்துக்கொள்ளலாம். கிட்டப் பார்வைக் கண்ணாடி மட்டும் போடுகிறவர்கள் நடக்கும்போது அதைக் கழற்றிவிடுங்கள். ஒரு கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் கீழே விழாது.

கவ்வாத்து வெட்டுகிற ஆண்களும், விளையாடுகிற பிள்ளைகளும் பழைய கண்ணாடி வில்லை போடவேண்டாம். உடைந்தால் கண்ணிலே குத்தும். எளிதில் உடையாத பாலிகார்பனேட் வில்லை கேட்டு வாங்குங்கள். அதில் கீறல் சீக்கிரம் விழும். அதனால் காய்ந்த சேலைத் தலைப்பால் துடைக்காமல், முதலில் தண்ணீரில் அலசிவிட்டுத் துடையுங்கள். அடுப்புப் பக்கத்தில் வைக்கவேண்டாம்.

கண்ணாடி கைக்கு வந்ததும், கடையை விட்டுப் புறப்படுமுன் இவற்றைப் பாருங்கள்:

1. மேசையில் தலைகீழாக வைத்தால் ஆடாமல் நிற்கிறதா?
2. குனிந்தால் நழுவுகிறதா? மூக்கிலே பள்ளம் விழ அழுத்துகிறதா?
3. காம்பு காதுக்கு மேலே சரியாக வளைகிறதா? தலையில் துணி கட்டி, கூடைக் கயிறு போடுவது போல் அழுத்திப் பாருங்கள்.
4. போட்டுக்கொண்டு நடந்தால் தரை ஏறி இறங்குவது போல் இருக்கிறதா? புதுக் கண்ணாடி பழகச் சில நாள் எடுக்கும். இரண்டு வாரத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தால் திருப்பிக் கொண்டு போங்கள். திரும்ப அளந்து பார்க்கச் சொல்வது உங்கள் உரிமை.

கடைசியாக, கண்ணாடியால் ஆகாத காரியமும் உண்டு. புகை மூட்டம் போலத் தெரிந்தால் அது கண்புரையாக இருக்கலாம். அதற்கு நம்பர் மாற்றிப் பயனில்லை, ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்கள் சீனியைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு நம்பர் பாருங்கள். சீனி ஏறி இறங்கினால் நம்பரும் மாறும். பிள்ளை கரும்பலகையை எட்டிப் பார்க்கிறதா, ஒரு கண் ஒதுங்குகிறதா, "வளர்ந்தா சரியாகிடும்" என்று காத்திருக்க வேண்டாம். 7, 8 வயதுக்கு முன் கவனித்தால் பலன் மிக அதிகம்.

கண்ணாடிக்காகக் காசு கொடுக்கிறவர்கள் நீங்கள். உங்கள் வேலை என்ன, கை எவ்வளவு தூரம் போகும், எந்தச் சரிவில் இறங்குகிறீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். வாயைத் திறந்து சொல்லுங்கள். சொன்னால்தான் எங்களால் சரியாகப் பொருத்த முடியும்.