தூமத்துக்கு என்ன நடக்கும்?



புறநானூற்றிலே கபிலர் பாடிய 117ஆம் செய்யுளை ஒருநாள் உயர்தர வகுப்பிற் படிப்பித்துக்கொண்டிருந்தேன். விண்ணிலே தூமம் தோன்றினால் நாட்டுக்குக் கேடு என்று நம்பிய காலம் அது. அத்தகைய தீக்குறிகள் தோன்றியபோதும் பாரியின் பறம்பு நாட்டில் மழை பொய்க்கவில்லை. அவனுடைய கோல் செம்மையாக இருந்தமையே அதற்குக் காரணம் என்கிறார் கபிலர். தூமம் என்பது இன்று நாம் வால்வெள்ளி என வழங்குவது என்று பொருள் சொன்னேன். பின் வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான்.

"தூமம் வந்தா நாட்டுக்குக் கேடு எண்டு நினைச்சிருக்கினம். அந்தத் தூமத்துக்கு என்ன நடக்கும், சேர்?"

வகுப்புச் சிரித்தது. எனக்கு விடை தெரியவில்லை. சிலப்பதிகாரமும் அதனைப் புகைக்கொடி என்று பேசுகிறது. வால்வெள்ளி நமக்கு என்ன செய்யும் என்று கேட்டவர் பலர். அதற்கு என்ன நேரும் என்று கேட்டவர் அரியர். அன்று சொல்லாத விடையை இன்று சொல்ல முயல்கிறேன்.

வால்வெள்ளியின் கரு, பனிக்கட்டியும் தூசும் கலந்த ஒரு கட்டி. சூரியக் குடும்பத்தின் மிகத் தொலைவான எல்லையில் இத்தகைய கட்டிகள் கோடிக்கணக்கில் உள்ளன என்று ஒல்லாந்து வானியலாளர் யான் ஊர்ட் 1950இல் எடுத்துரைத்தார். அருகாற் செல்லும் விண்மீனொன்றின் ஈர்ப்புச் சற்றே அசைத்துவிட்டாற் போதும். அவற்றுள் ஒன்று சூரியனை நோக்கி நெடும்பயணம் புறப்பட்டுவிடும். சில வால்வெள்ளிகள் சூரியனை உரசுவதுபோல் நெருங்கிவிடுகின்றன. அங்கே வெப்பம் பனியை ஆவியாக்குகிறது; ஈர்ப்போ கட்டியைப் பிய்த்துப் பிளக்கிறது.

பிளப்பு என்றதும் ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வருகிறது. கி.மு. நான்காம் நூற்றாண்டிலே கிரேக்க நாட்டிற் பெரிய வால்வெள்ளியொன்று தோன்றிற்று. அது இரண்டாகப் பிரிந்தது என்று எபோரஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதிவைத்தார். பின்வந்த உரோம அறிஞர் செனெக்கா, வேறெவரும் அதனைக் கண்டதாகக் கூறவில்லை என்று காட்டி, அவரை நம்பத்தகாதவர் என ஒதுக்கிவிட்டார்.

வழக்கு நெடுங்காலம் கிடந்தது. 1882இல் தோன்றிய பெரும் வால்வெள்ளி சூரியனைச் சுற்றி மீண்டபோது அதன் கரு பல துண்டுகளாகியிருந்ததை வானியலாளர் தொலைநோக்கியிற் கண்டனர். ஜேர்மனியரான ஹைன்றிக் குறொய்ட்ஸ் 1888 தொடக்கம் வெளியிட்ட ஆய்வுகளில், 1843இலும் 1882இலும் வந்தவை போன்ற வால்வெள்ளிகள் ஏறத்தாழ ஒரே பாதையிற் செல்வதை நிறுவினார். அவை ஒரு தாய்க் கட்டி உடைந்து பிறந்த பிள்ளைகள். எபோரஸ் சொன்ன வால்வெள்ளியே அந்தத் தாய் எனக் கருதுவோரும் உளர், அது உறுதிப்படவில்லை. ஆயினும் வால்வெள்ளி பிளக்கும் என்பதில் இன்று ஐயமில்லை.

அக்குடும்பத்திற் புகழ்பெற்ற ஒன்றை 1965 செப்ரெம்பரில் யப்பானியர் இருவர் தனித்தனியே கண்டுபிடித்தனர். ஒருவர் பியானோத் தொழிற்சாலைத் தொழிலாளி இக்கேயா. மற்றவர் கிற்றார் ஆசிரியர் செக்கி. ஒக்ரோபர் 21ஆந் திகதி அது சூரிய மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 450,000 கிலோமீற்றர் தூரத்தாற் சென்றது. பட்டப்பகலிலும் தெரிந்தது. மூன்றாக உடைந்தும் தப்பியது. அதுவும் 1882இன் வால்வெள்ளியும் 1106ஆம் ஆண்டளவில் ஒன்றாயிருந்து பிரிந்தவையாகலாம் என்று பிறயன் மார்ஸ்டன் 1967இற் கணித்துக் காட்டினார்.

எல்லாம் தப்புவதில்லை. 2013 நவெம்பர் 28ஆந் திகதி, தொல்லெல்லையிலிருந்து முதன்முறையாக வந்த ஐசோன் வால்வெள்ளி சூரியனருகே சிதைந்து போயிற்று. 2011 டிசெம்பர் 16ஆந் திகதி லவ்ஜோய் என்பது இன்னும் நெருங்கி, ஏறத்தாழ 140,000 கிலோமீற்றர் தூரத்தால், சூரியனின் புறவளிமண்டலத்துள் நுழைந்து வெளிவந்தது. பிழைத்தது என்று மகிழ்ந்தனர். சில நாள்களில் அதன் கரு சிதைந்தது. தலையிழந்த நீண்ட வால் மட்டும் தென்திசை வானிற் சிலநாள் ஒளிர்ந்தது.

1995இல் ஏவப்பட்ட சோஹோ விண்கலத்தின் படங்களில் 2024 மார்ச் வரையில் 5,000 வால்வெள்ளிகள் கண்டறியப்பட்டன. பெரும்பாலானவை குறொய்ட்ஸ் குடும்பத்தின் சிறு துணுக்குகள். அவற்றுட் பல சில மீற்றர் அளவினவே. சூரியனை அணுகுமுன்னரே ஆவியாகி மறைந்துவிடுகின்றன. எவருடைய நாட்டுக்கும் அவை கேடு கொணர்ந்ததில்லை. கேடு அவற்றுக்கே.

கபிலர் வானத்துக் குறியை விட்டு மன்னனின் கோலைப் பார்த்தார். நாட்டின் நன்மை தீமைக்குக் காரணத்தை நாட்டிலேயே தேடினார். என் மாணவனோ தூமத்தையே பார்த்து, அதன் கதியைக் கேட்டான். அச்சம் நீங்கிய இடத்திலேதான் இவ்விரு பார்வையும் பிறக்கும். அடுத்த முறை அச்செய்யுளைப் படிப்பிக்கும்போது அவனுடைய கேள்வியையும் சேர்த்தே படிப்பிப்பேன்.