புல்லைத் தேடிப் புறப்படும் ஊர்



ஈப்போவுக்குத் தெற்கே, முன்னாளில் பால்மரக் காடாக இருந்து இப்போது செம்பனையாக மாறிவிட்ட ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நாம் பணியாற்றி வருகிறோம். சென்ற தவணையில் ஒரு நாள், கம்பளிக் கூடாரத்தை மடித்து ஒட்டகத்தின்மேல் ஏற்றிக்கொண்டு மந்தையோடு இடம்பெயரும் மங்கோலிய மக்களின் படத்தை வகுப்பில் காட்டினோம். "இவர்களை நாடோடிகள் என்பர்" என்று சொல்லிப் பலகையிலும் எழுதினோம். எழுதி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து, "டீச்சர், இவனும் நாடோடிதான்!" என்று ஒரு குரல் வந்தது. வகுப்பே சிரித்தது.

சுட்டிக்காட்டப்பட்ட பையனின் தந்தை குத்தகைக்குச் செம்பனைக் குலை வெட்டுபவர். வேலை கிடைக்கும் தோட்டத்துக்குக் குடும்பமும் போகும். இரண்டே ஆண்டுகளில் நம் பள்ளி அவனுக்கு மூன்றாவது பள்ளி. அந்தச் சொல்லைப் பலகையில் எழுதியவர்கள் நாமே அல்லவா? முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பாடநூலை மூடிவிட்டு, நம் பாட்டனார் பிறந்த சீமையில் இன்றும் நடக்கிற ஒரு பயணத்தைச் சொன்னோம். அதையே உங்களுக்கும் சொல்கிறோம்.

இராமநாதபுரமும் சிவகங்கையும் வானம் பார்த்த பூமி. இராமநாதபுரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. ஈப்போவிலோ 2000-க்கும் மேல். அளவைவிட முக்கியமானது காலம். நமக்கு ஆண்டு முழுவதும் மழை உண்டு. அங்கே பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். பங்குனி வெயிலில் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சில நூறு செம்மறி ஆடுகளை வைத்திருப்பவர் அப்போது ஊரிலேயே உட்கார்ந்திருந்தால், ஆடும் பிழைக்காது, அவரும் பிழைக்கமாட்டார்.

அதே வேளையில், வடக்கே காவிரிப் பாசன வயல்களில் தை, மாசியில் சம்பா அறுவடை முடிகிறது. தாளும் சிந்திய கதிரும் வரப்புப் புல்லும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. ஆடுகள் புறப்படுகின்றன. பல குடும்பங்களின் மந்தைகள் சேர்ந்து நடக்கும் அந்தக் கூட்டத்தின் தலைவருக்குக் கீதாரி என்று பெயர். பானை சட்டியோடு பெண்களும் உடன் செல்கின்றனர். பிறந்து சில நாளே ஆன குட்டிகளைக் கவிழ்த்த கூடை போன்ற கூண்டுக்குள் பத்திரமாக வைத்துவிட்டுத் தாய் ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டுகின்றனர்.

இரவில்தான் முக்கியமான வேலை. ஆடுகளை ஒரு வயலில் நெருக்கமாக அடைத்துப் படுக்க வைப்பதைக் கிடை போடுதல் என்பர். விடிவதற்குள் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் சேர்ந்துவிடும். அடுத்த இரவு கிடை பக்கத்துத் துண்டுக்கு நகரும். ஆட்டு எரு அந்த ஆண்டே பலன் தரும், மாட்டு எரு மறு ஆண்டு பலன் தரும் என்பது உழவர் பேச்சு. இதற்கு நிலத்துக்காரர் கூலி கொடுக்கிறார், முன்பு நெல்லாக, இப்போது பெரும்பாலும் பணமாக. ஆகவே கீதாரி பிறர் நிலத்தில் ஒதுங்க இடம் கேட்டு நிற்பவர் அல்லர். உரத்தை நான்கு காலில் நடத்திக் கொண்டுவருபவர்.

எந்த ஊரில் அறுவடை எப்போது முடியும், எந்தக் கண்மாயில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும், சென்ற ஆண்டு பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுத்தவர் யார் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கவேண்டும். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு. நீர் வந்து உழவு தொடங்குமுன் ஆடுகள் வயலைவிட்டுக் கரையேறியாக வேண்டும். மழைக்காலத்தில் பூச்சிக்கடியால் பரவும் நீலநாக்கு நோய் வேறு காத்திருக்கிறது. கணக்குத் தவறினால் மந்தையே போய்விடும்.

புல்வெளி நாட்டாரும் இப்படித்தான். மொராக்கோ நாட்டு இபுன் பதூதா 1330-களில் கிப்சாக் புல்வெளி வழியே சென்றார். வண்டிகளின்மேல் கம்பளிக் கூடாரம் இருந்தது. வண்டி ஓடும்போதே உள்ளே அமர்ந்து படிக்கலாம், எழுதலாம். அரசரின் பாளையம் வந்தபோது, தொழுகைப் பள்ளியும் கடைத்தெருவுமாக ஒரு நகரமே நகர்ந்து வந்ததாம், சமையல் புகையோடு! அதன்பின் குவாரிசம் செல்லும் முப்பது நாள் பாலைவழி. அங்கே புல் இல்லை. குதிரைகளை விற்றுவிட்டு, ஒட்டகம் இழுக்கும் வண்டிகளில் சென்றார். இரண்டு மூன்று நாளைக்கு ஓரிடத்தில்தான் தண்ணீர். இவர் 1340-களில் மதுரைக்கும் வந்து சேர்ந்தார் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தனர்.

ஆசிரியர் என்ற முறையில் ஒன்றை மறைப்பதற்கில்லை. கிடையோடு நடக்கும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஏது? தாத்தா பாட்டியிடம் விட்டுப் படிக்க வைப்போர் உண்டு. அதைவிடக் கொடியதும் உண்டு. 2018-இல் கஜா புயல் தஞ்சைப் பகுதியைச் சூறையாடிய பிறகு, கடன்பட்ட குடும்பங்களின் சிறுவர்கள் ஆடு மேய்க்க அடகு வைக்கப்பட்டதும், அதிகாரிகள் அவர்களை மீட்டதும் செய்தியாக வந்தன. நம் வகுப்புப் பையனுக்கும் பழைய பள்ளியிலிருந்து மாற்றுத் தாள்கள் வர ஆறு வாரம் ஆயிற்று. நடப்பவரின் வழிக்கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. உட்கார்ந்திருப்பவரின் பதிவேடுதான் பின்தங்கிவிடுகிறது.

கதை முடிந்ததும் அந்தப் பையனே கை உயர்த்தினான். "வழியில குட்டி போட்டா யாரு டீச்சர் தூக்கிட்டு நடப்பாங்க?" என்று கேட்டான். தோளில் சுமப்பர், இப்போது லாரியில் ஏற்றுவதும் உண்டு என்றோம்.

பிறகு சுண்ணக்கட்டியைக் கேட்டு வாங்கி, தெலுக் இந்தான் பக்கமிருந்து நம் பள்ளிவரை தான் வந்த வழியைப் பலகையில் வரைந்தான். ஆற்றோரத் தோட்டத்தில் எந்த மாதம் வெள்ளம் ஏறும், எந்த மேட்டுக்கு மாடுகளை ஓட்டுவார்கள் என்றும் குறித்தான். முன்பு சிரித்த பின்வரிசைப் பையன் எழுந்து வந்து, ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டான். அம்புக்குறி போட்டுக் காட்டினான்.